மினா அல் அஹ்மதி

மலருக்குப் பழைய கதை ஒன்று எழுதித் தாருங்கோ என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பழைய கதை எண்ணெய்க் கதைதான்.

1991 தை மாதம். பஹ்ரெயினில், குதைபியாவில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். குவைத் யுத்தம் தொடங்கிவிட்டது. யன்னலுக்கு ரேப் ஒட்டிப்போட்டு றேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியிருப்போம். ஊரில் ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த எங்களுக்கு ஏவுகணைப் பயம் புதிதில்லை. புதிதாய் வந்தது எண்ணெய்ப் பயம்.

குவைத்தின் மினா அல் அஹ்மதி துறைமுகத்துக்கு எதிரே, கடலுக்குள் கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும் முனையத்தை ஈராக்கியப் படை திறந்துவிட்டிருந்தது. கடலில் கலந்தது 40 இலட்சம் பீப்பாய் என்பாரும் உண்டு, 110 இலட்சம் என்பாரும் உண்டு. எங்களுக்குக் கணக்கு முக்கியமில்லை. பஹ்ரெயினின் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு கடல்நீரில் உப்பு நீக்கி எடுப்பது. கடல் கறுத்தால் தண்ணிக்கு எங்கை போறது? வாளி, போத்தல், சோத்துப் பானை எல்லாம் நிரப்பி வைத்தோம்.

பஹ்ரெயின் தப்பியது. சவூதியின் ஜுபைலுக்குப் பக்கத்தில் அபு அலி என்ற தீவு எண்ணெயைத் தெற்கே வரவிடாமல் மறித்துக்கொண்டது. மறித்த பக்கத்தில் சுமார் 700 கிலோமீற்றர் கரை நாசம். நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. நண்டு வளைகளுக்குள் இறங்கிய எண்ணெய் பத்து வருடம் கழித்துத் தோண்டியபோதும் அங்கேயே கிடந்தது.

இத்தனைக்கும் 1978 இலேயே வளைகுடாவின் எட்டு நாடுகளும், ஈராக்கும் ஈரானும் உட்பட, கடலைக் காக்க உடன்படிக்கை செய்திருந்தன. எண்ணெய் கொட்டினால் ஒருவருக்கொருவர் உதவ ஒரு நிலையமும் பஹ்ரெயினிலேயே இருந்தது. 1983 இல் ஈரானின் நவ்ரூஸ் எண்ணெய்க் கிணறுகளை ஈராக் விமானங்கள் அடித்தபோது, சண்டைக்குள் போய் மூட ஆளில்லாமல் மாதக்கணக்காய் எண்ணெய் ஓடியது. கையெழுத்து என்ன செய்யும்?

பிறகு நான் அகதியாய் இங்கே வந்து, அதையெல்லாம் மறந்தும் போனேன். 2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி திருக்கோவிலில் இருந்து தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணா, சங்கமன்கண்டிக்கு நேரே கடலிலை எண்ணெய்க் கப்பல் எரியுதாம். சனமெல்லாம் கரையிலை நிக்குது."

'நியூ டயமண்ட்' என்ற கப்பல். உள்ளே 2,70,000 தொன் மசகு எண்ணெய். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். இலங்கை, இந்தியக் கப்பல்கள் நாட்கணக்காய் நின்று நெருப்பை அணைத்தன. எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் கசிந்தது. பெரிய தாங்கிகள் உடையவில்லை.

இந்தியாவின் பரதீப்புக்குப் போன கப்பல் அது. எங்கே எண்ணெய் ஏற்றியது என்று செய்தியில் தேடிப் பார்த்தேன். மினா அல் அஹ்மதி என்று போட்டிருந்தது.