திருநெல்வேலி எழுச்சி (1908)

திருநெல்வேலி எழுச்சி என்பது வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் கைதை எதிர்த்து 1908 மார்ச் 13 அன்று மூண்ட மக்கள் கிளர்ச்சி.

விபின் சந்திர பாலர் மார்ச் 9 அன்று விடுதலையானார். அதைக் கொண்டாடக் கலெக்டர் விஞ்ச் தடை விதித்தார். தடையை மீறிக் கூட்டம் நடந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். மறுநாள் நெல்லையில் கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் எரிக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர்.

மேடைப்பேச்சே கலவரத்தை மூட்டியது என்றது அரசு. ஆனால் அவர்கள் பேசிய நாட்களில் எரியாத நெல்லை, அவர்களின் வாயை அடைத்த மறுநாள்தான் எரிந்தது.

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே சிவாவுக்கு 10 ஆண்டுகளும், வ.உ.சி.க்கு ராஜநிந்தனைக்காக 20 ஆண்டுகளும், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மேலும் 20 ஆண்டுகளும் விதித்தார். சிவாவுக்குத் தங்க இடம் கொடுத்ததும் உடந்தையாகவே எண்ணப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டன.