குடிக்க வந்தவர்களே முதலாளிகள் ஆன கதை



வாத்தியார் மதுக்கடையைப் பற்றி எழுதுகிறாரே என்று முகம் சுளிக்க வேண்டாம். இது குடியின் கதை அல்ல. ஓர் ஊர் தன் கூடுமிடத்தைக் காப்பாற்றிக்கொண்ட கதை.

இங்கிலாந்துக் கிராமத்தில் 'பப்' என்பது நம்மூர் டீக்கடையும் திண்ணையும் சேர்ந்த மாதிரி. அதை நடத்துபவரை 'லேண்ட்லார்ட்' என்பார்கள். பெயரில்தான் நில உடைமை. பல இடங்களில் கட்டடம் அவருடையது அல்ல.

1830-இல் வந்த சட்டத்தின்படி, வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் 2 கினி செலுத்தி உரிமம் வாங்கி பீர் விற்கலாம். ஆயிரக்கணக்கான வீடுகள் கடைகளாயின. பிறகு பீர் ஆலைக்காரர்கள் கடைகளை வரிசையாக வாங்கிப் போட்டார்கள். லேண்ட்லார்ட் ஆலைக்கு வாடகையும் தரவேண்டும். அந்த ஆலையின் பீரையே வாங்கவும் வேண்டும். 1989-இல் அரசு, 2,000 கடைகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளுக்குக் கடிவாளம் போட்டது. விளைவு? ஆலைகள் விற்றன, பெரிய பப் கம்பெனிகள் வாங்கின. முதலாளி மாறினார், பிடி தளரவில்லை.

இனி, கம்ப்ரியா மலைப்பகுதியில் உள்ள ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூருக்கு வாருங்கள். 1857-இல் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸும் நண்பர் வில்கி காலின்ஸும் இவ்வூர் 'குயின்ஸ் ஹெட்' விடுதிக்கு வந்தார்கள். பக்கத்து காரக் மலையில் ஏறி மூடுபனியில் வழி தவறி, காலின்ஸ் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அத்தனை புகழ் பெற்ற அந்த விடுதி இன்று வெறும் குடியிருப்பு வீடு.

எஞ்சி நின்றது 'ஓல்ட் கிரவுன்'. 1988-இல் அதன் பின்புறக் கொட்டகையில், கடையை நடத்தியவரே சிறிய பீர் ஆலை ஒன்றைத் தொடங்கினார். சுற்றியுள்ள மலைகளின் பெயர்களையே பீர்களுக்கு வைத்தார்கள். அவர் ஓய்வு பெற நினைத்தபோது, 1999-இல், ஊர்க்காரர்கள் கூட்டுறவு அமைத்து ஆலையை வாங்கினார்கள். அடுத்து கடையும் விலைக்கு வந்தது. வெளியூர்க் கம்பெனி கையில் போனால் என்ன ஆகும் என்ற கவலை. 2003-இல் சுமார் 125 பேர், தலைக்கு 1,500 பவுண்டு போட்டுக் கடையையும் வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் கூட்டுறவு வாங்கிய தொடக்ககாலப் பப்களில் இதுவும் ஒன்று. மலையேற்ற வீரர் கிறிஸ் போனிங்டனும் பங்குதாரர்களில் ஒருவர்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கடையை நடத்துபவர் கூட்டுறவின் குத்தகைதாரர். எதிரில் உட்கார்ந்து, "பீர் சுமார்தான்" என்று குறை சொல்பவர் அவருக்கே முதலாளி!

2011-இல் வந்த சட்டம், இப்படிப்பட்ட இடங்கள் விற்பனைக்கு வந்தால் ஊர் மக்கள் பணம் திரட்ட அவகாசம் தருகிறது. ஆனால் ஹெஸ்கெட் மக்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. டிக்கன்ஸின் புகழால் ஒரு விடுதியைக் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் சேமிப்பு இன்னொன்றைக் காப்பாற்றியது.

உங்கள் ஊரில் எல்லாரும் கூடும் இடம் எது? அது நாளை விலைக்கு வந்தால் யார் யார் கை கொடுப்பீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.