துப்புக்கூலி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திண்டுக்கல் சமவெளிக் குடியானவன் மாடு களவு போனால் போலீஸ் ஸ்டேஷனைத் தேடிப் போகவில்லை. துப்புச் சொல்லும் ஆளைத் தேடிப் போனான். அவன் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டால் மாடு குறித்த இடத்தில் கட்டியிருக்கும். இதற்குத் துப்புக்கூலி என்று பெயர். நிபந்தனை ஒன்றுதான்: போலீசுக்குப் போகக் கூடாது. மீறினால் மாடும் வராது, கூரையும் மிஞ்சாது. திருடன் யார் என்று ஊருக்கே தெரியும். கோர்ட்டில் கூண்டேறிச் சொல்லத்தான் ஆள் இல்லை. இதைக் கோழைத்தனம் என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது.

1896-இல் திண்டுக்கல் தாலுக்காக் கிராமத்தார் பொறுமை இழந்தார்கள். ஆயிரக்கணக்கில் கூடி, பழைய காவல்காரர்களை இனி வைப்பதில்லை என்று ஏரின்மேல் சத்தியம் செய்தார்கள். நிதி ஒன்று திரட்டினார்கள். மாடு பறிகொடுத்தவனுக்கும் வீடு எரிந்தவனுக்கும் அதிலிருந்து ஈடு கிடைக்கும். இரவில் கொம்பு ஊதினால் எல்லோரும் ஓடிவர வேண்டும், வராதவனுக்கு அபராதம். ஆறு மாதம் களவே இல்லையாம். கிணற்றடியில் வாளியை விட்டுவிட்டே வீடு திரும்பினார்களாம்!

ஆனால் அதற்கு விலை இருந்தது. காவல் செய்த ஜாதியார் பலர் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனார்கள். கலகம் மூண்டது, கொலைகள் விழுந்தன, ஒரு குடியிருப்பே எரிந்தது. இன்னான் திருடினான் என்று சாட்சி சொல்ல முடியாத இடத்தில் ஒரு ஜனக்கூட்டம் முழுவதுமே திருடர்கள் ஆகிவிட்டது. பிற்பாடு சர்க்காரே குற்றப் பரம்பரைச் சட்டத்தால் அதைச் செய்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தாக 1947 வர வேண்டியிருந்தது.

1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது என்று விவரமாகச் சொல்லிற்று. அவன் வீடு போய்ச் சேருவதைப் பற்றிப் பேசவில்லை. பொய் சொல்லும்படி ஒருவனை மிரட்டுவதைத் தனிக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்ததே 2006-இல்தான். 2018 டிசம்பர் 5-ஆம் தேதி, மகேந்தர் சாவ்லா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, பார்லிமெண்ட் சட்டம் செய்யும்வரை இதுவே சட்டம் என்றது. சாவ்லாவே தாக்கப்பட்ட சாட்சி. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமும் ஒவ்வொரு ராஜ்யமும் இப்படி ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது.

2018 திட்டத்தின்படி சாட்சி, ஜில்லா நீதிபதி தலைமையிலுள்ள குழுவுக்கு மனுச் செய்யலாம். போலீஸார் ஐந்து நாளில் அபாயத்தைக் கணித்துச் சொல்ல வேண்டும். வழித்துணை, வேறு வீடு, தேவையானால் வேறு பெயர்கூடக் கிடைக்கும். செலவுக்கு ஒரு நிதி. 1896-இல் குடியானவர்கள் போட்ட அதே யோசனை! பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதம். நம் வழக்குகள் எத்தனை வருஷம் நடக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்று. ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்குமே திட்டம் பொருந்தும். வீட்டுக்குத் தீ வைத்தவனைப் பார்த்தவன் மனுப் போடலாம். வயலில் கட்டிய மாட்டை அவிழ்த்துப் போனவனைப் பார்த்தவனுக்கு அதில் இடமில்லை.