ஒற்றை, இரட்டை மேல்நிலை கேம்ஷாஃப்ட் இன்ஜின்கள்

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட்டிலேயே அமைந்த இன்ஜின் மேல்நிலை கேம்ஷாஃப்ட் இன்ஜின் எனப்படும். ஹெட்டில் ஒரே கேம்ஷாஃப்ட் தண்டு இருந்தால் அது ஒற்றை வகை, சுருக்கமாக எஸ்.ஓ.எச்.சி. காற்றை உள்ளே விடும் வால்வுகளுக்கு ஒன்று, புகையை வெளியேற்றும் வால்வுகளுக்கு ஒன்று என இரு தண்டுகள் இருந்தால் இரட்டை வகை, சுருக்கமாக டி.ஓ.எச்.சி. எண்ணிக்கை ஹெட்டுக்கு ஹெட் கணக்கிடப்படுவதால், இரண்டு ஹெட் கொண்ட இரட்டை வகை வி-6 இன்ஜினில் மொத்தம் நான்கு தண்டுகள் இருக்கும்.

இயங்கும் முறை

பிஸ்டன்களால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் இருமுறை சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒருமுறை சுற்றுகிறது. இரண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்று ஓடினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 54 முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். அந்த வேகத்தில் கேம்ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் இடையில் அசையும் பாகங்களின் எடை பெரிய தடை.

அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருந்தது. அதன் அசைவு புஷ்ராடு என்ற தள்ளுகோல், ராக்கர் என்ற நெம்புகோல் வழியாக வால்வை எட்டியது. 1983இல் வந்த மாருதி 800, ஒற்றை மேல்நிலை கேம்ஷாஃப்டை இந்தியச் சாலைகளில் பரவலாக்கியது. புஷ்ராடு நீங்கியதால் இன்ஜின் தயக்கமின்றி வேகமெடுத்தது.

இரட்டை வகையில் பெரும்பாலும் ராக்கரும் தேவைப்படுவதில்லை. கேம் மேடு நேரடியாக வால்வின் மேலுள்ள டேப்பெட்டை அழுத்தலாம். சிலிண்டருக்கு நான்கு வால்வுகளை வசதியாகப் பொருத்தி, ஸ்பார்க் பிளக்கை நடுவில் வைக்க முடிகிறது. உள்வரும், வெளியேறும் வால்வுகளின் நேரத்தைத் தனித்தனியே மாற்றவும் வழி பிறக்கிறது.

இந்த அமைப்பு புதியதல்ல. 1912இல் பிரெஞ்சு கிராண்ட் பிரியை வென்ற பெஜோ பந்தயக் காரிலேயே இரட்டை கேம்ஷாஃப்டும் சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் இருந்தன.

தமிழ்நாட்டு ஆலைகளில்

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் வந்த சான்ட்ரோவின் 999 சி.சி. இன்ஜின், ஒற்றை கேம்ஷாஃப்டும் 12 வால்வுகளும் கொண்டது. சிலிண்டருக்கு மூன்று வால்வு என்பது அன்றைய சிறிய கார்களில் புதுமை. 2008இல் ஐ10 காரில் அறிமுகமான 1197 சி.சி. கப்பா இன்ஜின் இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு, டைமிங் செயின் என்று மாறியது. திறன் 80 குதிரைத்திறன்.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையின் இரு கார்கள் நல்ல ஒப்பீட்டைத் தருகின்றன. 1999இல் வந்த ஐகானின் 1.6 லிட்டர் ரோகாம் இன்ஜினில் ஒற்றை கேம்ஷாஃப்ட், 8 வால்வுகள். 2005இல் வந்த ஃபியஸ்டாவின் 1.6 லிட்டர் இன்ஜினில் இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வுகள். கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. ஐகான் 5,500 சுற்றில் சுமார் 92 குதிரைத்திறனும், 2,500 சுற்றிலேயே 130 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தந்தது. ஃபியஸ்டா 6,500 சுற்றில் சுமார் 101 குதிரைத்திறனும், 3,400 சுற்றில் 146 நியூட்டன் மீட்டரும் தந்தது. பின்னதன் உச்சங்கள் உயர்ந்தவை. ஆனால் அவற்றை எட்ட இன்ஜினை மேலும் விரட்ட வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஐகானுக்கும் ஃபியஸ்டாவுக்கும் இடையே தண்டோடு வால்வும் இரட்டிப்பானது. வால்வு மாறாமல் தண்டு மட்டும் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய ஹோண்டா சிட்டி சான்று. 2014ஆம் ஆண்டு சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒற்றை கேம்ஷாஃப்டில் 16 வால்வுகளை இயக்கி 119 குதிரைத்திறன் தந்தது. 2020இல் வந்த இரட்டை கேம்ஷாஃப்ட் இன்ஜின் 121 குதிரைத்திறன் தந்தது. முறுக்கு விசை இரண்டிலும் 145 நியூட்டன் மீட்டர்தான். புதியதில் அது சற்றுக் குறைந்த சுற்றிலேயே கிடைத்தது. ஆக, இன்ஜின் எவ்வளவு காற்றை உள்வாங்குகிறது என்பதே திறனைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது தண்டு அதற்கு உதவும் வழிகளில் ஒன்று.

ஓட்டுவோருக்கு

ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் மறைமலைநகரைக் கடந்து திண்டிவனம், விழுப்புரம் நோக்கிச் செல்கையில் முந்திச் செல்ல வேகம் தேடுவோருக்கு இரட்டை வகையின் மேல்சுற்றுத் திறன் பயன்படும். திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் போன்ற ஊர்களின் உட்சாலைகளில் அடிக்கடி கியர் மாற்றாமல், ஆள் ஏற்றி மெதுவாகச் செல்வோருக்குத் தேவை கீழ்ச்சுற்று இழுவை. எனவே கார் வாங்குவோர், உச்ச முறுக்கு விசை எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதை அவசியம் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு

ஒற்றை வகையில் பாகங்கள் குறைவு. ஹெட் வேலை எளிது, செலவும் பொதுவாகக் குறையும். இரட்டை வகையில் இரு தண்டுகளின் டைமிங் குறிகளையும் பிசகாமல் சேர்க்க வேண்டும். எந்த வகையானாலும், பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். பெல்ட் உள்ள கார்களில், கையேடு கூறும் கிலோமீட்டருக்குள் அதை மாற்றுவது கட்டாயம். செயின் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஆயிலை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவும் தேய்ந்து தளரும்.

இன்றைய நிலை

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 போன்ற கடுமையான புகை விதிகளுக்கு, வால்வு நேரத்தை நுட்பமாக ஆளும் வசதி பெரிதும் உதவுகிறது. அதனால் புதிய பெட்ரோல் கார்களில், சிறிய மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் உட்பட, இரட்டை கேம்ஷாஃப்டே வழக்கமாகிவிட்டது. பழைய கார் சந்தையில் ஒற்றை வகை இன்னும் ஏராளம். அங்கே தண்டின் எண்ணிக்கையைவிட, டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்ற கேள்வியே முதலில் கேட்கத் தக்கது.