குண்டூரில் கிடைத்த விடை

"சூரியனுக்கு யாருமே போனதில்லையே, அங்கே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்?" தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் வீட்டுச் சிறுவர்கள் இவ்வாறு வினவினால், நாம் ஆந்திரத்துக் குண்டூரிலிருந்து தொடங்குவது நலம்.

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் அங்கே முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானநூலார் ஜான்சன் அதற்கெனவே கடல் கடந்து வந்திருந்தார். சென்னை வானிலையத்துப் போக்சன் மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தார். வெயிலை முப்பட்டைக் கண்ணாடியில் செலுத்தினால் வானவில்லாய் விரியுமன்றோ? அவ்வாறே, கனன்று ஒளிரும் ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய வண்ணக் கோடுகளைக் காட்டும். உப்புத் தூள் பட்டால் அடுப்புத் தீ மஞ்சளாவதைத் தாய்மார் அறிவர். அது சோடியத்தின் முத்திரை.

மறைந்த ஞாயிற்றின் விளிம்பில் எழுந்த செந்தழல்களின் கோடுகள் மிகப் பிரகாசமாயிருக்கவே, கிரகணமின்றியும் காணலாமே என்று எண்ணிய ஜான்சன், மறுநாளே கண்டும் விட்டார்! அத்தழல்களின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு. ஆனால் அது சோடியத்தினுடையதன்று. அக்டோபரில் இங்கிலாந்தில் அதனை ஆராய்ந்த லாக்யர், மண்ணுலகம் அறியாத பொருளென்று துணிந்தார். ஞாயிற்றின் கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் ஆயிற்று. ஐயுற்றோர் பலர்.

1895இல்தான் ராம்சே அதனை யுரேனியக் கனிமமொன்றிலிருந்து பிரித்தெடுத்தார். இன்று விழாக்களில் பிள்ளைகளின் கைநழுவி மேலேறும் பலூன்கள் பலவற்றுள் இருப்பதும் அதுவே.