லாகிரியும் லயமும்

கஞ்சா பிடித்துவிட்டுக் கேட்டால்தான் பாட்டின் உயிர் பிடிபடும் என்று சொல்லும் ரசிகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கும் கூட்டத்திலும் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு என்று தேடிப் போனால் அதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

வெள்ளைக்கார சர்க்கார் 1893-ல் கஞ்சாவை விசாரிக்க ஒரு கமிஷனை நியமித்தது. அது 1,193 சாட்சிகளை விசாரித்து, அளவோடு இருந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, மிதமிஞ்சினால் கெடுதல்தான் என்று 1894-ல் அறிக்கை தந்தது. புகைப்பவனின் மூளைக்குள் நடப்பது என்ன என்று சொல்ல அன்றைய விஞ்ஞானத்தால் முடியவில்லை.

1964-ல் இஸ்ரேலில் மெச்சூலம், கவோனி என்ற இருவர் கஞ்சாவின் போதைச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்தச் சத்துப் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் மூளையில் இருப்பது 1988-ல் தெரிந்தது. 1992-ல், அதே வேலையைச் செய்யும் ஒரு பொருளை மூளை தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, வடமொழி ‘ஆனந்த’த்தைச் சேர்த்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஆனந்தம் உள்ளேயே இருக்கிறது என்று சித்தர்கள் சொன்னால் சிரிப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

நினைவையும் உடம்பின் அசைவையும் காலக்கணக்கையும் கவனிக்கும் பகுதிகளில் அந்த இடங்கள் மிகுதி. ஆகவே போதையில் ஒரு நிமிஷம் நெடுநேரமாக நீள்கிறது. ஒரு கார்வை நீண்டு தித்திக்கிறது. ராகத்தில் புதுக் கதவு திறந்ததாகக் கேட்பவன் நம்புகிறான். உடுக்கை அடிப்பவனுக்கோ அரை மாத்திரை நீண்டால் பாட்டே சரிந்துவிடும்.

கேட்பவனுக்காவது லாபமா? 2018-ல் வெளிவந்த லண்டன் ஆராய்ச்சி ஒன்றில், 16 பேரைக் கஞ்சா இழுக்க வைத்து, சங்கீதம் கேட்கும்போதே அவர்கள் மூளையைப் படம் பிடித்தார்கள். பாட்டுக் கேட்கும் ஆசை கூடிற்று; ஆனால் இன்பத்துக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளில் பாட்டு எழுப்பும் துடிப்பு குறைந்தது. கன்னபிடியால் என்ற வேறொரு சத்தும் சேர்ந்த கஞ்சாவில் அந்தக் குறை தெரியவில்லை. 16 பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். என்றாலும், பசி கூடி ருசி குறைந்த சாப்பாடு அல்லவா இது?

1971 ஆகஸ்டு 1-ந் தேதி, வங்காள தேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடந்த கச்சேரியில், வாசிக்கும்போது யாரும் புகைக்க வேண்டாம் என்று ரவிசங்கர் கேட்டுக்கொண்டார். பிறகு சுருதி சேர்த்து நிறுத்தியதும் கூட்டம் பலமாகக் கைதட்டியது. இதையே இவ்வளவு ரசித்தவர்கள் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று அவர் சொன்னார். அங்கே கைதட்டியவர்களெல்லாம் போதையில் இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சுருதி சேர்ப்பது எது, வாசிப்பு எது என்று காதுக்குத் தெரிவதற்குப் பல இரவுகள் தெளிந்த புத்தியோடு உட்கார்ந்து கேட்கவேண்டியிருக்கிறது. நம் பையன்களுக்கு யாராவது இதைச் சொன்னால் தேவலை.