கைப்பேசி விளையாட்டு: வெளியீட்டுக்கு முன் வெள்ளோட்டம் விடுவது எப்படி?

புக்கிட் செலம்பாவ் – கைப்பேசி விளையாட்டு ஒன்றை உருவாக்க இன்று பெரிய நிறுவனம் தேவையில்லை. யூனிட்டி, கோடோ போன்ற மென்பொருள்களும் ஒரு மடிக்கணினியும் இருந்தால், சுங்கைப்பட்டாணி, பீடோங், புக்கிட் செலம்பாவ் வட்டார மாணவர் ஒருவர் வீட்டிலிருந்தே அதைச் செய்துவிடலாம். செய்து முடித்த விளையாட்டைப் பொதுமக்களுக்கு வெளியிடும் முன் சிலரிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் செய்ய வேண்டும். இதுவே வெள்ளோட்டம். அந்தச் சிலரின் கைப்பேசிக்கு விளையாட்டை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதில்தான் முதல் சிக்கல் எழுகிறது.

புலனத்தில் அனுப்பலாமா?

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, ஏ.பி.கே. கோப்பைப் புலனக் குழுவில் போட்டுவிடுவது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இது வேலை செய்யும், செலவும் இல்லை. ஆனால், அந்தக் கோப்பை நிறுவ வேண்டுமானால், பெறுபவர் 'அறியப்படாத மூலங்களிலிருந்து நிறுவ அனுமதி' என்ற பாதுகாப்புத் தடையைத் திறந்துவிட வேண்டும்.

மலேசியாவில் வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் இதே கதவைத்தான். திருமண அழைப்பிதழ், துப்புரவுப் பணி முன்பதிவு என்ற பெயர்களில் ஏ.பி.கே. கோப்புகளை அனுப்பி, வங்கியின் குறுஞ்செய்தி எண்களைத் திருடும் சம்பவங்கள் குறித்துக் காவல்துறை பலமுறை எச்சரித்துள்ளது. 'தம்பி செய்த விளையாட்டுதானே' என்று ஒருமுறை அந்தத் தடையைத் திறக்கப் பழகிய அம்மாவோ அத்தையோ, அடுத்த முறை வேறு யாரோ அனுப்பும் கோப்பையும் அதே நம்பிக்கையில் திறக்கக்கூடும். அதனால், குடும்பத்தாரின் கைப்பேசியில் இந்த வழியைத் தவிர்ப்பது நல்லது. அப்படி யாரேனும் ஏமாந்து பணம் பறிபோனால், உடனே வங்கிக்கும் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்கும் அழைக்க வேண்டும்.

இந்த வழி இனிமேல் குறுகவும் போகிறது. அடையாளம் உறுதிசெய்யப்பட்ட உருவாக்குநரின் செயலிகளை மட்டுமே சான்றுபெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நிறுவ முடியும் என்ற திட்டத்தை 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் பிற நாடுகளுக்கும் இதை விரிவுபடுத்துவது அதன் திட்டம்.

கூகுள் பிளே: மூன்று படிகள்

ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்பான வழி, கூகுள் பிளேயின் சோதனை வசதி. இதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 25 அமெரிக்க டாலர், ஒருமுறை மட்டுமே.

முதற்படி, உள்சோதனை. 100 பேர் வரை மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து இணைப்பை அனுப்பலாம். நெருங்கிய நண்பர்களுக்கு இது போதும்.

இரண்டாவது, மூடிய சோதனை. மின்னஞ்சல் பட்டியலிலோ கூகுள் குழுவிலோ உள்ளவர்கள் மட்டும் விளையாட்டைப் பெறுவர்.

மூன்றாவது, திறந்த சோதனை. பிளே ஸ்டோரில் காண்பவர் எவரும் சேரலாம். சோதனையாளர் எழுதும் கருத்து உருவாக்குநருக்கு மட்டுமே தெரியும். விளையாட்டின் பொது மதிப்பீட்டை அது பாதிக்காது.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கப்பட்ட தனிநபர் கணக்கு என்றால், மூடிய சோதனையில் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். தொடக்கத்தில் 20 பேர் என்றிருந்த இந்த எண்ணிக்கை, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைக்கப்பட்டது. உள்சோதனையில் கழிந்த நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. நிறுவனக் கணக்குக்கு இந்த விதி இல்லை.

சரியாக 12 பேரை மட்டும் வைத்துக்கொண்டு, பத்தாம் நாளில் ஒருவர் விலகினால் சிக்கல். ஆகவே, 18 அல்லது 20 பேரைச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு. விண்ணப்பத்தின்போது சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், அதன்படி என்ன மாற்றம் செய்யப்பட்டது என்றும் கூகுள் கேட்கும். பெயருக்குச் சேர்ந்து, ஒருநாளும் ஆடாத 12 பேரால் பயனில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

ஆப்பிளின் உருவாக்குநர் திட்டத்தில் சேர ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். அதில் சேர்ந்தவர் டெஸ்ட்ஃபிளைட் என்ற செயலி மூலம் தம் குழுவினர் 100 பேருக்கும், வெளியார் 10,000 பேர் வரைக்கும் விளையாட்டை வழங்கலாம். வெளியாருக்குத் தரும் முன் ஆப்பிளின் பரிசீலனை உண்டு. ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும். கையில் பணம் குறைவு என்றால் ஆண்ட்ராய்டில் தொடங்கி, பிறகு ஐபோனுக்குச் செல்லலாம்.

கூகுளின் ஃபயர்பேஸ் வசதியும் இலவசமாக மின்னஞ்சல் வழி பதிப்புகளை அனுப்ப உதவுகிறது. எனினும், ஆண்ட்ராய்டில் ஏ.பி.கே. கோப்பாக அனுப்பினால் அதே பாதுகாப்புத் தடையைத் திறக்க வேண்டிவரும். நுட்பம் அறிந்த நண்பர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள்?

இந்தியாவில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா விளையாட்டுக்கு 2021 மே 18இல் முன்பதிவு தொடங்கியது. ஜூன் 17இல் பிளே ஸ்டோர் வழி வெள்ளோட்டம் திறக்கப்பட்டபோது இடங்கள் விரைவாக நிரம்பின. பிறகு பகுதி பகுதியாகக் கூடுதல் இடங்கள் தரப்பட்டு, ஜூலை 2இல் ஆண்ட்ராய்டில் முழு வெளியீடு நடந்தது. பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனமோ, பிரால் ஸ்டார்ஸ் விளையாட்டை 2017 ஜூனில் முதலில் கனடாவில் மட்டும் வெளியிட்டது. ஆட்டக்காரர்களின் கருத்தைக் கேட்டுப் பல மாற்றங்கள் செய்து, உலகம் முழுதும் வெளியிட்டது 2018 டிசம்பரில்தான். பெரிய நிறுவனமே ஒன்றரை ஆண்டு பொறுத்தது என்பது கவனிக்கத்தக்கது.

யாரைச் சேர்ப்பது, எதைப் பார்ப்பது?

நகரத்தில் புதிய கைப்பேசி வைத்திருக்கும் நண்பர்களை மட்டும் சேர்த்தால் பாதி உண்மைதான் தெரியும். நினைவகம் குறைந்த பழைய கைப்பேசி, அலைவரிசை விட்டு விட்டு வரும் தோட்டப்புற வீடு, முன்கட்டண இணைய அட்டை ஆகியவற்றையும் சோதனையில் சேர்க்க வேண்டும். பதிவிறக்க அளவு எத்தனை மெகாபைட், கைப்பேசி சூடாகிறதா, இணையம் அறுந்தால் ஆட்டம் நின்றுபோகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டில் தமிழ் எழுத்து இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கைப்பேசியில் தமிழ் சரியாகத் தெரிந்தாலும், விளையாட்டு மென்பொருள் எழுத்தைத் தானே வரைவதால் கொம்பும் காலும் இடம் மாறிவிடக்கூடும். 'கொடி', 'வேலை' போன்ற சொற்களை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். 2023இல் வந்த கோடோ 4 பதிப்பு தமிழ் போன்ற எழுத்து முறைகளைக் கையாளும்.

சிறுவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டும். வாங்கிய மின்னஞ்சல் முகவரிகளை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. 14 நாளில் ஒருமுறையேனும் சோதனையாளரை நேரில் சந்தித்து, கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஆடவிட்டுப் பார்க்கலாம். அவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறாரோ, முதலில் திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான்.